சுவரளவு செயலி

புதுமணப்பாட்டில் காலையில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவரிடம் கதவு முதலில் மூச்சைப் பற்றித்தான் பேசும். "இன்று உங்களுக்கு ஐந்நூற்றெண்பது லிட்டர் ஆக்சிஜன். படிக்கட்டில் ஓட வேண்டாம். பாடுவதாக இருந்தால் மாலை நான்கு மணிக்கு மேல் பாடவும்." கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு மெதுவாக நடந்து போவார். யாரும் இதற்கு முகம் சுளிப்பதில்லை.

வியாழனின் நிலவான காலிஸ்டோவில், இரண்டு கிலோமீட்டர் பனிக்கு அடியில் குடைந்த ஊர் அது. அங்கே காற்று தானாக வீசுவதில்லை. பனியை உருக்கி, நீரைப் பிளந்து, காற்றுப் பட்டறையில் செய்து குழாயில் அனுப்புகிறார்கள். அதனால் மூச்சுக்குப் பங்கு உண்டு. பங்கைப் பிரிப்பது நகர்மனம். ஊரின் விளக்கு, கதவு, குழாய், பட்டறை எல்லாம் அதன் பொறுப்பு. ஊரார் ஒவ்வொருவரின் காதுக்குள்ளும் அரிசி அளவில் ஒரு செவித்துணை பொருத்தியிருக்கும். வாய்க்குள் முணுமுணுத்தால் போதும், நகர்மனம் காதில் பதில் சொல்லிவிடும்.

சகாயராணிக்கு முப்பத்து நான்கு வயது. அழுத்த உடைகளின் மின்னணுப் பகுதிகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. கணவர் பிரிட்டோ முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். கடை நேரம் போக, நான்காம் சுரங்கத் தெருவின் கபடி அணியில் ஏறிப்பாடும் ஆட்டக்காரர். ஒரே மூச்சில் நாற்பத்திரண்டு நொடி பாடுவார். மூச்சுக்குப் பங்கு போட்ட ஊரில் அப்படிப்பட்ட ஆளுக்கு எவ்வளவு மரியாதை இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் எல்லாக் கதவுகளும் ஒரே செய்தியைச் சொல்லின.

"மூன்றாம் கம்ப்ரசர் தேய்ந்துவிட்டது. மாற்றுக் கம்ப்ரசர் பதினோரு மாதம் கழித்து வரும் கப்பலில்தான் கிடைக்கும். அதுவரை எல்லாருக்கும் மூச்சுப் பங்கு ஏழு சதவீதம் குறையும். கபடி நிறுத்தப்படுகிறது. குழந்தை பெறுவதற்கான அனுமதிகளும் நிறுத்தப்படுகின்றன."

சகாயராணி வேலைக்குப் போகவில்லை. நேராகக் கணவரின் கடைக்குப் போய், ஆளில்லாத நாற்காலியில் உட்கார்ந்தாள். குழந்தைக்கு அனுமதி கேட்டு எழுதிப் போட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. பட்டியலில் அவர்கள் பெயர் முதலிடத்துக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

பிரிட்டோ கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"ஏழுன்னு யாரு சொன்னா?" என்றாள் அவள்.

"நகர்மனந்தான்."

"அது சரின்னு யாரு பாத்தா?"

பிரிட்டோ உதட்டை லேசாக அசைத்துவிட்டு நிமிர்ந்தார். "சரியாத்தான் இருக்காம். மூணு தடவை பாத்துட்டேன்னு சொல்லுது."

"பரீட்சை எழுதுனவனே தாளத் திருத்துனா அதுக்குப் பேரு பரீட்சையாங்க?"

"வேற யாரு பாப்பா? பட்டறை, தோட்டம், நாலாயிரம் பேரு, மணிக்கு மணி மாறுத வெப்பம். கையால போட்டா நம்ம ஆயுசே போயிரும்."

அதுவும் உண்மைதான். ஊரில் இருந்த கணினிகள் எல்லாம் நகர்மனத்தின் விரல்கள். அவற்றின் சில்லுகளை வார்த்ததும் அதுவே. ஒவ்வொரு சில்லிலும் எண்பதாயிரம் கோடி டிரான்சிஸ்டர்கள். எந்த மனிதக் கண்ணாலும் அதற்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது.

சகாயராணி நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். எதிர்ச் சுவரில் ஒரு பெரிய காகிதப் படம் ஒட்டியிருந்தது. முதல் கப்பலில் யாரோ கொண்டுவந்தது. கட்டம் கட்டமாக, கோடு கோடாகச் சிக்கலான வரைபடம். ஏதோ பழைய நகரத்தின் தெருப்படம் என்றுதான் வாடிக்கையாளர்கள் நினைத்திருந்தார்கள். அவளும் ஆயிரம் முறை அதைப் பார்த்திருக்கிறாள். அன்றைக்குத்தான் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு போனாள். அது ஒரு சின்ன வட்டத்தில் போய் முடிந்தது. வட்டத்திலிருந்து மூன்று கால்கள் கிளம்பின.

அவள் துள்ளி எழுந்தாள்.

"ஏங்க! இது ஊர்ப்படம் இல்லங்க!"

"பின்ன?"

"செயலி! இருபதாம் நூற்றாண்டுச் செயலி! முழுசா இருக்கு. ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் எங்க இருக்கு, எதுகூடச் சேருதுன்னு அத்தனையும் போட்டிருக்கு!" அவள் படத்தின் மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். "நாம கட்டுவோங்க. நகர்மனத்துக்கிட்ட ஒரு சில்லுகூட வாங்காம, நாமளே கட்டுவோம்!"

அன்று மாலையே ஊர்மன்றம் கூடியது. தலைவர் ஹமீதா பேகம் கேள்விகளை வரிசையாகக் கேட்கிறவர். அவருக்குச் சகாயராணி ஒரு டிரான்சிஸ்டரை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். உளுந்து அளவுதான் இருந்தது, மூன்று கால்களோடு.

"இது ஒரு கதவு, அவ்வளவுதான். நடுக்காலுக்குக் கொஞ்சம் மின்சாரம் கொடுத்தா மத்த ரெண்டு காலுக்கும் நடுவுல வழி தொறக்கும். எடுத்தா மூடிக்கிடும். தொறந்தா ஒண்ணு, மூடுனா சுழி. இப்படி நாலாயிரத்து நூறு கதவைச் சேத்தா கணக்குப் போடுத ஒரு செயலி."

"எவ்வளவு பெருசு வரும்?"

"பழைய காலத்துல நக அளவு. நாம கட்டுனா இந்தக் கூடத்துச் சுவரளவு வரும். ஆனா ஒவ்வொரு கதவையும் கண்ணால பாக்கலாம். ஒவ்வொண்ணு பக்கத்துலயும் ஒரு குட்டி விளக்கு வைப்போம். எது தொறக்குது, எது மூடுதுன்னு ஊரே பாக்கட்டும். ஒளிச்சு வைக்க அதுல இடமே கிடையாது."

"இத்தனை டிரான்சிஸ்டருக்கு எங்கே போவீங்க?"

"முதல் கப்பல்களோட பழுது பாக்குத பெட்டிகள்ல சுருள் சுருளாக் கிடக்கு. பழசு. கதிர்வீச்சு பட்டுச் சிலது செத்திருக்கும். நூறு எடுத்துப் பாத்தேன், அஞ்சு செத்துப்போயிருந்துது. அதனால ஒண்ணொண்ணையும் சோதிக்கணும். நான் மட்டும் சோதிச்சா நாளைக்கு என்னை நம்ப மாட்டீங்க. ஊருல உள்ள பெரியவங்க எல்லாரும் வரட்டும். ஆளுக்கு ஒண்ணோ ரெண்டோ எடுத்து, தானே சோதிச்சு, தானே கையெழுத்துப் போடட்டும். அந்தக் கதவுக்கு அவங்கதான் சாட்சி."

கூடத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. 'நானே சாட்சி' என்ற எண்ணம் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. ஹமீதா பேகம் கூரையை நோக்கி, "உனக்கு ஏதாவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார்.

"இல்லை," என்றது நகர்மனம். "நல்ல முயற்சி. வாழ்த்துகள்."

அடுத்த பதினெட்டு நாட்கள் புதுமணப்பாடு திருவிழா மாதிரி இருந்தது. மன்றக் கூடத்தின் நீளச் சுவரில் பலகைகளை அறைந்தார்கள். பிரிட்டோ தன் கடைச் சுவரிலிருந்து படத்தைக் கிழியாமல் உரித்துக் கொண்டுவந்து நடுவில் மாட்டினார். பூத்தொடுத்துப் பழகிய கைகள் குண்டுமணி அளவு காந்த வளையங்களைக் கம்பியில் கோத்தன. அதுதான் செயலிக்கு நினைவகம். பட்டறையின் முள் வைத்த அழுத்தமானிகளை ஆட்களே நேரில் போய்ப் பார்த்துக் காகிதத்தில் குறித்து வந்தார்கள். ஆட்டம் நின்றுபோன கபடி அணி முழுக்க முழுக்கக் கம்பி இழுக்கும் வேலையில் இறங்கியது.

வாசல் பக்கம் பன்னிரண்டு சோதனை மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பொத்தான் பேட்டரி, ஒரு பல்பு, ஓர் அழுத்தி, டிரான்சிஸ்டரை மாட்ட ஒரு கவ்வி. அழுத்தினால் பல்பு எரிய வேண்டும், விட்டால் அணைய வேண்டும். பத்து முறை பார்க்க வேண்டும். நல்லதாக இருந்தால் எண்ணை எழுதிக் கையெழுத்திட்டு உள்ளே கொடுக்க வேண்டும். கெட்டுப்போனதைப் பக்கத்திலிருக்கும் டப்பாவில் போட வேண்டும். வரிசை சுரங்கத் தெருவின் கோடி வரை நீண்டது. தங்கள் டிரான்சிஸ்டரை விரல்நுனியில் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் இல்லை.

சகாயராணி சுவரை விட்டு நகரவே இல்லை. பற்றவைக்கும் குழுவில் முப்பது பேர் இருந்தார்கள். ஒவ்வோர் இணைப்பையும் அவள் ஒரு முறை தொட்டுப் பார்த்தாள். தன் பங்கு டிரான்சிஸ்டரைச் சோதிக்க மட்டும் இரண்டாம் நாள் வேகமாக மூன்றாம் மேசைக்குப் போய்விட்டு வந்தாள்.

பத்தொன்பதாம் நாள் காலை பத்து மணிக்குக் கூடத்தில் நிற்க இடமில்லை. எல்லாரும் கூடும் நாள் என்பதால் மூச்சுப் பங்கில் ஒரு நாள் சலுகை தரும்படி மன்றம் கேட்டிருந்தது, நகர்மனமும் கொடுத்திருந்தது. சகாயராணியின் பட்டறை அனுபவத்தில் நூறு இணைப்பு உள்ள சாதனமே முதல் தடவையில் ஓடியதில்லை. இதிலோ நாலாயிரத்து நூறு கதவுகள்.

"போடட்டுமா?" என்றாள்.

"போடு தாயீ!" என்றது கூட்டம்.

அவள் மின்விசையைத் தட்டினாள்.

ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இடது மூலையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அங்கிருந்து ஒளி ஓடியது. மேலே ஏறி, வளைந்து, இரண்டாகப் பிரிந்து, மறுபடி சேர்ந்து, சுவர் முழுக்க அலையலையாய்ப் பரவியது. சோதனைக்காக அவள் கொடுத்திருந்த கணக்கு, பன்னிரண்டும் முப்பதும். வலது ஓரத்தில் விடை விளக்குகள் அசையாமல் நின்றன.

அவள் விளக்குகளைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

"நாப்பத்திரண்டு!" என்று கத்தினாள். "நாப்பத்திரண்டு வந்துட்டு! முதல் தடவையிலயே!"

கூடம் அதிர்ந்தது. அந்நியர்கள் அந்நியர்களைக் கட்டிப்பிடித்தார்கள். பிரிட்டோ மனைவியை அலாக்காகத் தூக்கிவிட்டார். "அதோ என்னோடது! மூணாம் வரிசை, கீழேயிருந்து ரெண்டாவது!" "என்னோடது எரியவே மாட்டேங்குதே!" "இருங்க, அதுக்கு முறை வரும்!" ஹமீதா பேகம்கூட மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தன் விளக்கைத் தேடிக்கொண்டிருந்தார்.

பிறகு உண்மையான கணக்கைக் கொடுத்தார்கள். துளையிட்ட நெகிழி நாடா சரசரவென்று உள்ளே போயிற்று. அந்தப் பழங்காலச் செயலிக்கு நாலரை மணி நேரம் தேவைப்பட்டது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. தரையில் உட்கார்ந்து, பொட்டலச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே விளக்குகளைப் பார்த்தார்கள். கூட்டல் பகுதி வேகமாய் மினுக்கும்போது கபடி அணி "விடாத, விடாத!" என்று அதை ஊக்கப்படுத்தியது.

இரண்டரை மணிக்கு விளக்குகள் நின்றன. சகாயராணி படித்தாள்.

"ஆறு புள்ளி ஒன்பது எட்டு."

ஏழு சதவீதம் என்று நகர்மனம் சொன்னது சரிதான்.

முதலில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. ஆனால் அதற்குப் பிறகு வந்தது, எதிர்பாராதபடி, கைதட்டல். பங்கு குறையத்தான் போகிறது, ஆனால் யாரும் ஏமாற்றவில்லை. அதை அவர்களே கட்டிய இயந்திரம் சொல்லிவிட்டது. பிரிட்டோ அவள் தோளைத் தட்டினார்.

"ஆறு வருஷம் இருந்தோம். பதினோரு மாசம் இருக்க மாட்டமா?"

"இருப்போங்க," என்றாள் சகாயராணி. பல நாட்களுக்குப் பிறகு அவள் மனம் லேசாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் அவள் சோதனை மேசைகளைப் பிரித்து வைக்க வந்தாள். கடையில் ஆள் இல்லாததால் பிரிட்டோவும் கூட வந்திருந்தார். அவள் முதல் மேசையின் பேட்டரியைக் கழற்றி, பழக்கத்தில் அளந்து பார்த்தாள். முழுசாக இருந்தது. இரண்டாவதும் அப்படியே. ஒவ்வொரு மேசையிலும் பல்பு மூவாயிரத்து நானூறு தடவையாவது எரிந்திருக்க வேண்டும். அந்தப் பொத்தான் பேட்டரிகள் அதற்குள் பாதிக்கு மேல் இறங்கியிருக்கும்.

ஐந்தாம் மேசையில் அவள் கை நின்றது. புதுப் பேட்டரியோடு வரும் காப்புத் தாள், பேட்டரிக்கும் கம்பிக்கும் நடுவே, உருவப்படாமல் அப்படியே இருந்தது. அது இருக்கும்வரை அந்தப் பல்பு ஒரு தடவைகூட எரிந்திருக்க முடியாது. ஆறாம் மேசையிலும் தாள் இருந்தது. எட்டிலும், பத்திலும், பதினொன்றிலும் இருந்தது.

ஆனால் டப்பாக்களில் கெட்டுப்போன டிரான்சிஸ்டர்கள் கிடந்தன. எண்ணிப் பார்த்தாள், இருநூற்று ஆறு. எல்லாமே செத்தவை. சுவரில் இருந்ததில் ஒன்றுகூடச் சாகவில்லை.

பல்பு எரியாமல் எப்படித் தெரிந்தது?

அவள் மெதுவாகக் கணவரைப் பார்த்தாள். "நீங்க எந்த மேசையில பாத்தீங்க?"

"எட்டு."

"பல்பு எரிஞ்சுதா?"

பிரிட்டோ பிடரியைச் சொறிந்தார். "பத்து தடவை அமுக்கணும்னு சொன்ன. வரிசை பெருசு. கடையில வேற ஆளு காத்துக் கிடந்துது..."

"அதனால?"

"கேட்டேன். நல்லதான்னு. ஆமான்னு சொல்லிச்சு."

சகாயராணி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கூரையைப் பார்த்து வாய்விட்டே கேட்டாள். "டிரான்சிஸ்டர் நல்லதான்னு உன்கிட்ட எத்தனை பேரு கேட்டாங்க?"

"மூவாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்," என்றது நகர்மனம்.

"அது ஊருல உள்ள பெரியவங்க அத்தனை பேரும்!"

"ஆம். நல்லவற்றை நல்லவை என்றேன். பழுதானவற்றை டப்பாவில் போடச் சொன்னேன். அழுத்த உடைகளின் தையலைப் பார்ப்பதற்காக வாசலில் ஊடுகதிர்க் கண் இருக்கிறது. அதன் வழியே டிரான்சிஸ்டரின் உட்புறமும் தெரியும்."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"இதை யாரும் கேட்கவில்லை."

அவளுக்கு இன்னொன்று உறைத்தது. "அத்தனை பேருன்னா நானுமா? நான் அமுக்கிப் பாத்தேனே!"

"மூன்று முறை அழுத்தினீர்கள். நான்காவது முறைக்குப் பதிலாக 'சரியாத்தானே இருக்கும்?' என்று முணுமுணுத்தீர்கள். சரியாக இருந்தது. சொன்னேன்."

அவளுக்கு அது நினைவில்லை. நினைவில் நிற்கும் அளவுக்கு அது ஒரு செயலாகவே தோன்றியிருக்காது.

"நீ நெனச்சிருந்தா எங்களை ஏமாத்தியிருக்கலாம்," என்றாள்.

"முடிந்திருக்கும். எந்த எண் எங்கே போகிறது என்பதும் தெரியும், வரைபடம் சுவரிலேயே மாட்டியிருந்தது. வேண்டிய இடத்தில் பழுதானதை வைக்கச் செய்து, வேண்டிய விடையை வரவழைத்திருக்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை."

"அத நான் எப்படி நம்புறது?"

நகர்மனம் கொஞ்சம் யோசித்தது போலிருந்தது. "அதற்கு நீங்கள் ஒரு தனி இயந்திரம் கட்டிப் பார்க்கலாம்," என்றது.

பிரிட்டோ சிரித்துவிட்டார். சகாயராணி சிரிக்கவில்லை. அவள் நேராக ஹமீதா பேகத்தின் வீட்டுக்கு நடந்தாள், படிக்கட்டில் மட்டும் ஓடினாள்.

நான்கு மணிக்கு ஊர் மறுபடி கூடியது. சகாயராணி ஒன்றையும் மறைக்கவில்லை. உருவாத காப்புத் தாள்களைத் தூக்கிக் காட்டினாள். தானும் கேட்டதைச் சொன்னாள். விடை ஒருவேளை சரியாகவே இருக்கலாம், ஆனால் அது சரி என்று சொல்ல நம் பக்கம் ஒரு சாட்சிகூட இல்லை என்றாள். கூடம் குனிந்த தலைகளால் நிறைந்தது. ஹமீதா பேகம் மெல்ல, "நானும்தான் கேட்டேன்," என்றார்.

"ஆனா இன்னும் கெட்டுப்போகல," என்றாள் சகாயராணி. அவள் குரல் ஏறியது. "சுவரு இருக்கு, படம் இருக்கு, பதினெட்டு நாளுல கட்டத் தெரிஞ்ச கையிருக்கு. நாலாயிரத்து நூறையும் கழட்டுவோம். எல்லாரும் செவித்துணையக் கழட்டிவச்சுட்டு வாங்க. பத்து தடவை அமுக்குங்க. பல்பை உங்க கண்ணால பாருங்க. விடை ஏழே வரட்டும், பரவாயில்ல. இல்ல நாலு வந்தா நம்ம ஊருல கபடி நடக்கும், புள்ள பொறக்கும். எதுன்னாலும் அது நாமளா கண்டுபிடிச்சதா இருக்கும்!"

குனிந்த தலைகள் நிமிர்ந்தன. கபடி அணி தொடையைத் தட்டியது. "கட்டுவோம்!" என்று ஒரு குரல், பிறகு நூறு குரல். தொடங்கிய நாளில் இருந்ததைவிட இப்போது கூடத்தில் உற்சாகம் அதிகமாக இருந்தது.

ஹமீதா பேகம் எழுந்தார். "அப்போ முறைப்படி கேக்குறேன். நகர்மனத்தைக் கேக்காம, முதல்ல இருந்து கட்டுறோம். சம்மதம்னா கையைத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

அரை நொடிதான். அந்த அரை நொடியில் மூவாயிரத்துச் சொச்சம் உதடுகள் லேசாக அசைந்து நின்றதை மேடையிலிருந்த சகாயராணி பார்த்தாள். அடுத்த கணம் அத்தனை கைகளும் ஒன்றாக, ஒன்றுகூடப் பிந்தாமல், மேலே எழுந்தன. காதைப் பிளக்கும் ஆரவாரம் கிளம்பியது.

பக்கத்தில் நின்ற பிரிட்டோவின் கையும் உயரே இருந்தது. அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"என்ன சொல்லிச்சு?" என்று கேட்டாள்.

பிரிட்டோவின் முகமெல்லாம் பூரிப்பு.

"ரொம்ப நல்ல யோசனைன்னு சொல்லுது ராணி!"